தெப்பக்குளமும் கோபுரமும் லூஸா வரைய எதுல ஆரம்பிக்கலாம்: வாட்டர்கலரா, ஆயிலா, அக்ரிலிக்கா?

மயிலாப்பூர்ல ஆர்.கே. மடம் ரோடு பக்கம், குளத்து கிரில் ஓரமா காலைல ஆறரை மணிக்கு நின்னு கிழக்கால பாத்தீங்கன்னா, கபாலீஸ்வரர் கோயிலோட மேற்கு கோபுரமும் அதுக்குப் பின்னாடி உயரமா கிழக்கு கோபுரமும் வெறும் உருவமா நிக்கும், ஊதா கலந்த சாம்பல் கலர்ல, ஒரு பொம்மை கூட தனியா தெரியாது, அடில எங்க கோபுரம் முடிஞ்சு எங்க மரம் ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியாது. அதே இடத்துக்கு சாயங்காலம் நாலரைக்கு வாங்க, வெயில் நேரா கோபுரத்து மூஞ்சில அடிக்கும், பச்சை நீலம் மஞ்சள்னு அத்தனை சிலையும் எண்ணுற மாதிரி தெரியும். நான் பெயின்டிங் கத்துக்கணும்னு ஆசைப்பட்டதே அந்த காலை நேரத்து கோபுரத்துக்காகத்தான். ஆனா முதல் ஒன்றரை வருஷம் நான் போட்டது எல்லாமே சாயங்கால கோபுரம் மாதிரியே வந்துச்சு, ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு பொம்மையும் கோடு போட்டு உள்ள கலர் அடைச்ச மாதிரி. எங்க தப்புன்னு புரிய ரொம்ப நாளாச்சு. இப்ப புதுசா ஆரம்பிக்கிறவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி எந்த கலர் வாங்குறதுன்னுதான், அதனால இந்த மூணு, அதோட குவாஷ் (தண்ணில கரையுற, ஆனா அடில இருக்குறத மறைக்குற கெட்டிக் கலர்), நாலையும் நான் போட்டுப் பாத்ததுல தெரிஞ்சுகிட்டத இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். லூஸா வரையுறதுன்னா அவசரமா கிறுக்குறது இல்ல, அதே மாதிரி டீடெய்லா வரையுறது மட்டம்னும் இல்ல. நம்ம ஊர்ல கோயில் வரையுறதுன்னாலே ஆனந்த விகடன்ல சில்பி போட்ட படங்கள்தான் கண்ணு முன்னாடி வரும், கோயில்லயே உக்காந்து ஒரு தூணையும் ஒரு சிலையையும் கல்லோட கனம் தெரியுற அளவுக்கு போட்டவர், அது ஒரு தவம். நான் பேசுறது வேற ஒண்ண, அந்த கோபுரத்துக்கும் நமக்கும் நடுவுல இருக்குற காத்து, பனி, வெயில், தண்ணி மேல எழும்புற ஆவி, இத வரையுறது. இதுக்கு கட்டடம் பாதி கரையணும். எந்தப் பாதிய கரைய விடுறதுன்னு பிரஷ் எடுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருக்கணும். அப்படி முடிவு பண்ண எது நம்மள பழக்குதோ அதுதான் கத்துக்க நல்ல மீடியம்னு நான் நம்புறேன், மத்த எல்லா கணக்கும் அதுக்கு அப்புறம்தான்.

அக்ரிலிக்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நிறைய பேர் வீட்ல ஏற்கனவே அதுதான் இருக்கும். விலை கம்மி, வாசனை இல்ல, தண்ணில பிரஷ் கழுவிடலாம், தப்பா போச்சுன்னா காஞ்சதும் மேல அடிச்சிடலாம். எல்லாம் சரி. ஆனா நம்ம ஊரு சூட்டுக்கு அது கேன்வாஸ்ல வச்ச கொஞ்ச நேரத்துலயே தோல் கட்டிடுது, சித்திரை வெயில்ல வெளிய உக்காந்தா பேலட்லயே காஞ்சிடும். கோபுரத்து ஓரம் வானத்துல கரையணும்னா ரெண்டு கலரும் ஒரே நேரத்துல ஈரமா இருக்கணும், அக்ரிலிக் அந்த நேரத்த குடுக்கவே மாட்டேங்குது. ரிடார்டர்னு ஒண்ணு கலந்தா கொஞ்சம் தாமதமாகும், ஸ்ப்ரே பாட்டில் வச்சு அடிச்சுகிட்டே இருக்கலாம், ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டேன், ஆனா வரையுறத விட்டுட்டு பெயின்ட் காயாம பாத்துக்குறதே வேலையா போயிடுது. இன்னொண்ணு, காஞ்சதும் கலர் கொஞ்சம் இருட்டாகும், அதனால பனி மாதிரி மெல்லிசா போட்ட சாம்பல் அரை மணி நேரம் கழிச்சு பாத்தா கனமா நிக்கும். அக்ரிலிக்ல எனக்குப் பிடிச்ச ஒரு குணம் இருக்கு, தண்ணியா கரைச்சு அடிச்ச லேயர் காஞ்சிடுச்சுன்னா அசையாது, அது மேல இன்னொரு மெல்லிய லேயர் பயமில்லாம போடலாம். ஆனா முதல் மீடியமா, அதுவும் தண்ணிக்கரை கட்டடத்துக்கு, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆயில் கதையே வேற. ஓரத்த கரைக்கிறதுக்கு ஆயில் மாதிரி வராது, காலைல வச்ச கலர் சாயங்காலமும் ஈரமா இருக்கும், காஞ்ச பிரஷ்ஷால லேசா இழுத்தா கோபுரம் புகைக்குள்ள போயிடும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1908ல வெனிஸ் போனப்ப கால்வாய் ஓரத்து அரண்மனைகள 37 கேன்வாஸ்ல ஆரம்பிச்சார், அதுக்கு முன்னாடி 1899ல இருந்து 1901 வரைக்கும் மூணு தடவை லண்டன் போய் தேம்ஸ் ஆத்து ஓரத்துல பார்லிமென்ட் கட்டடத்த மூடுபனியோட வரைஞ்சார். அந்த படங்கள பாத்தா ஒரே மூச்சுல போட்ட மாதிரி இருக்கும். ஆனா லண்டன் படங்கள ஷிவெர்னில தன் வீட்டுக்கு கொண்டு போய் வருஷக்கணக்குல திரும்பத் திரும்ப திருத்தி 1904லதான் காட்சிக்கு வச்சார், வெனிஸ் படங்கள் வெளிய வர 1912 ஆச்சு. இத தெரிஞ்சுகிட்டப்பதான் எனக்கு ஆயிலோட குணமே புரிஞ்சுது. ஆயில் திருத்த விடும், முடிவே இல்லாம விடும். மோனேக்கு அது வரம், ஏன்னா எங்க நிறுத்தணும்னு அவருக்குத் தெரியும். கத்துக்குற நமக்கு கை சும்மா இருக்காது, நல்லா கரைஞ்சு வந்த ஓரத்துல போய் இன்னொரு ஜன்னல், இன்னொரு படி, இன்னொரு கலசம்னு வச்சுகிட்டே இருப்போம், மூணாவது நாள் பாத்தா கோபுரம் அட்டைல வெட்டி ஒட்டின மாதிரி நிக்கும். இதோட ஆயில் கலர கரைக்கிற டர்பன்டைன் வாசனை ஒரு பெட்ரூம் வீட்டுல தாங்காது, ஈர கேன்வாஸ பஸ்ல எடுத்துட்டு வர்றது கஷ்டம், மழைக்காலத்துல சென்னை ஈரப்பதத்துக்கு ஒரு லேயர் காய எத்தனை நாளாகும்னு சொல்லவே முடியாது. தனியா ஒரு ரூம் இருக்கு, ஜன்னல் இருக்கு, வாரத்துல நாலு நாள் உக்காருவேன்னு சொல்றவங்க தாராளமா ஆயிலுக்கு போங்க. மத்தவங்க ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க.

இப்ப வாட்டர்கலர். எல்லாரும் இதுதான் கஷ்டம், தப்பு பண்ணா திருத்த முடியாது, அதனால கடைசில கத்துக்கலாம்னு சொல்லுவாங்க. நான் அதையே திருப்பிப் போடுறேன், திருத்த முடியாதுங்கறதாலதான் இத முதல்ல கத்துக்கணும். பேப்பர் ஈரமா இருக்குற அந்த சில நிமிஷத்துக்குள்ள நீங்க செய்ய வேண்டியத செஞ்சு முடிக்கணும், அதுக்கு அப்புறம் கைய எடுத்தே ஆகணும். உங்கள நிறுத்துறதுக்கு பக்கத்துல ஒரு வாத்தியார் உக்காந்திருக்குற மாதிரி அது. அது மட்டுமில்ல, பனியும் ஆவியும் எல்லாம் தண்ணிதானே, அத தண்ணியே போட்டுக் குடுக்குது.

எப்படின்னு ஒரு தடவை கிட்டத்துல இருந்து சொல்றேன். பேப்பர மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே வாஷா, அதாவது தண்ணியா கரைச்ச கலர பரவலா இழுத்து, நனைச்சுகிட்டு வர்றோம், மேல மஞ்சள் காவிய தண்ணியா கரைச்சு வானம், நடுவுல லேசா நீலம், அப்படியே நிறுத்தாம குளத்துக்கு இறங்கிடணும், வானத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல கோடு போட்டு பிரிக்கக்கூடாது. இப்ப காத்திருக்கணும். பேப்பர சாய்ச்சு ஓரமா பாத்தா மேல பளபளன்னு இருக்கும், அந்தப் பளபளப்பு போயி, ஆனா புறங்கைய வச்சா இன்னும் சில்லுன்னு இருக்குற ஒரு நேரம் வரும். அதுதான் நேரம். அதுக்கு முன்னாடி கோபுரத்த வச்சா உருவமே நிக்காம பரவி ஓடிடும், அதுக்கு அப்புறம் வச்சா கத்தில வெட்டின மாதிரி ஓரம் நிக்கும். அந்த நேரத்துல அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பல கோபுரத்து மொத்த உருவமா ஒரே பிரஷ்ல வச்சு, அடில போகப் போக தண்ணிய சேத்துகிட்டே இறங்கி, படித்துறைய தாண்டி, பிரஷ்ஷ எடுக்காம அப்படியே தண்ணிக்குள்ள இழுத்துடணும், பிம்பம் கட்டடத்தோட ஒட்டிகிட்டே பொறக்கணும், தனியா அப்புறமா போட்டா அது ஒட்டவே ஒட்டாது. கலசமும் ரெண்டு மூணு கூர்மையான ஓரமும் எல்லாம் காஞ்சதும் கடைசில. இந்த அல்ட்ராமரைன் பேப்பர்ல குருணை குருணையா படியும், பழைய சுண்ணாம்புச் சுவர் மேல பாசி படிஞ்ச மாதிரி இருக்கும், அத நான் பிரஷ்ஷால பண்ணணும்னா ஒரு நாளாகும்.

கலர் எவ்வளவு கெட்டியா எடுக்குறதுங்கறதுதான் இதுல பாதி வித்தை. ஆஸ்திரேலியாவுல இருக்குற வாட்டர்கலர் ஓவியர் ஜோசப் ஸ்புக்விச் இத டீ, காபி, பால், க்ரீம், வெண்ணெய்னு அஞ்சு பதமா சொல்லிக் குடுக்குறாரு. நான் நம்ம அடுப்படிக்கு மாத்திகிட்டேன்: தெளிஞ்ச ரசம், நீர்மோர், பால், கெட்டித் தயிர், வெண்ணெய். வானம் ரசம், தூரத்து கோபுரம் மோர், கிட்டத்து மண்டபம் பால், படிக்கு அடில இருக்குற இருட்டு தயிர், வெண்ணெய் ரெண்டே இடத்துல. ஈரமான பேப்பர்ல இருக்குறத விட கெட்டியான கலர வச்சா அது நிக்கும், அதை விட தண்ணியா வச்சா காலிஃபிளவர் மாதிரி பூத்துடும். வாட்டர்கலர் காஞ்சா வெளுக்கும், அதனால போடும்போது கொஞ்சம் தூக்கலா தெரியுறதுதான் சரி.

பிம்பத்துல இன்னொரு விஷயம், இது எந்த மீடியமா இருந்தாலும் உதவும். நிறைய பேர் கோபுரத்த அப்படியே தலைகீழா திருப்பி தண்ணில போட்டுடுறாங்க. அது தப்பு. நம்ம கண்ணு தண்ணிக்கு மேல எவ்வளவு உயரத்துல இருக்கோ அதே அளவு தண்ணிக்குக் கீழ இருந்து ஒருத்தர் அண்ணாந்து பாத்தா என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்துல தெரியும். கோபுரம் கரைய விட்டு உள்ள தள்ளி இருக்கறதால, கரையும் படியும் மதிலும் கோபுரத்தோட அடிப்பாகத்த பிம்பத்துல கூடுதலா மறைச்சிடும், நேர்ல மூணு நிலை தெரியுற இடத்துல தண்ணில ஒன்றரை நிலைதான் தெரியும். அப்புறம், வெளிச்சமான சுவர் தண்ணில கொஞ்சம் மங்கும், இருட்டான வாசல் தண்ணில கொஞ்சம் வெளுக்கும். லேசா காத்து அடிச்சா பிம்பம் கீழ நோக்கி நீளும். காவி வெள்ளைப் பட்டை அடிச்ச மதில் தண்ணில ஆடுறத ஒரு தடவை பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க, வரைய வேண்டாம், பாருங்க போதும்.

குவாஷ் இருக்கே, அதையும் சொல்லணும். ஸ்கூல்ல போஸ்டர் கலர் அடிச்சவங்களுக்கு கை உடனே பழகிடும், வெள்ளைய மேல வைக்கலாம், சின்ன டப்பால அடங்கும். ஆனா காயும்போது இருட்டு வெளுக்குது, வெளிச்சம் மங்குது, ரெண்டும் நடுவுல வந்து நிக்குறதால பனிக் காட்சிக்கு டோன், அதாவது இருட்டு வெளிச்ச அளவு, பிடிக்குறது கஷ்டம். இதுக்கு ஒரு இடம் இருக்கு, கடைசில வரேன்.

பேப்பர் விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பாதான் சொல்லுவேன். கலர்ல மிச்சம் பிடிங்க, பிரஷ்ல மிச்சம் பிடிங்க, பேப்பர்ல மட்டும் வேண்டாம். மரக்கூழ் பேப்பர்ல வாஷ் மேலாகவே நின்னு பட்டுன்னு காஞ்சிடும், மேல சொன்னேனே அந்த சில்லுன்னு இருக்குற நேரம், அது வரவே வராது, நீங்க உங்க கைய குறை சொல்லிகிட்டு இருப்பீங்க. நூறு சதவீதம் காட்டன், 300 ஜிஎஸ்எம் கனம், லேசா சொரசொரப்பா இருக்குற கோல்ட் பிரஸ், இத ஃபுல் ஷீட்டா வாங்குங்க, 22க்கு 30 இன்ச் ஷீட்ட எட்டா வெட்டினா 7.5க்கு 11 இன்ச்ல எட்டு துண்டு கிடைக்கும், பின்பக்கமும் போடலாம், அப்ப 16 படம். நான் முதல் வருஷம் முழுக்க 24 கலர் செட் வாங்கி ஸ்கூல் டிராயிங் பேப்பர்ல போட்டேன், அந்த காசுக்கு ஆறு கலரும் நாலு ஷீட்டும் வாங்கியிருந்தா ஒரு வருஷம் மிச்சமாகிருக்கும். முதல் ரெண்டு மாசத்துக்கு ஆறு கலர் கூட வேண்டாம், செபியா இல்லன்னா இண்டிகோ, ஒரே ஒரு ட்யூப் போதும். கலர யோசிக்காம டோனையும் ஈரத்தையும் மட்டும் பழகுறதுக்கு அத விட நல்ல வழி எனக்குத் தெரியல.

எந்தக் குளம்? சென்னைல இருக்குறவங்களுக்கு மயிலாப்பூர், அதுவும் மேற்கு கரைல இருந்து காலைல, ஏற்கனவே சொல்லிட்டேன், சூரியன் எதிர்ல இருக்கறதால டீடெய்ல அதுவே அழிச்சுக் குடுத்துடும். மதுரைக்காரங்க குடுத்து வச்சவங்க. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் காலத்துது, ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி, நாலு பக்கமும் ரோடு, நடுவுல மைய மண்டபம், எந்த நேரத்துக்கு எந்த வெளிச்சம் வேணுமோ அந்தக் கரைக்கு நடந்து போயிடலாம், சாயங்காலம் கிழக்கு கரைல உக்காந்தா மண்டபம் உருவமா மட்டும் தெரியும். பல வருஷம் வறண்டு கிடந்து பசங்க உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடின இடம் அது, இப்ப வைகைத் தண்ணி நிக்குறத பாக்கும்போது மனசு நிறையுது. ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான், ஏன்னா ஒரே ஒரு உருவம், சுத்தி வெறும் தண்ணி. திருவாரூர் கமலாலயம் இன்னும் விரிஞ்சது, கோயில் ஐவேலி குளம் ஐவேலின்னு சும்மாவா சொன்னாங்க, அங்க தண்ணியும் வானமும்தான் படம், கட்டடம் ஒரு மெல்லிய பட்டை, பெரிய வாஷ் பழக ஏத்த இடம். கும்பகோணம் மகாமகக் குளம் கொஞ்சம் பொறுங்க, கரைய சுத்தி 16 மண்டபம், எத விடுறதுன்னு தெரியாம எல்லாத்தையும் போட்டுடுவோம். அங்க போனா ஒரு மண்டபத்த மட்டும் எடுத்துக்கோங்க.

நேர்ல போய் வரையுறதா, போட்டோ பாத்து வரையுறதா? போட்டோல மொபைல் எல்லாத்தையும் கூர்மையாக்கிடுது, நிழலுக்குள்ள இருக்குற பொம்மைய கூட வெளிச்சம் போட்டு காட்டும், நம்ம கண்ணு பாத்த பனி அதுல இருக்காது. நேர்ல போனா காத்து, கூட்டம், தோள் மேல எட்டிப் பாக்குறவங்க, பத்து நிமிஷத்துல மாறுற வெயில். இது ரெண்டுக்கும் நடுவுல மூணாவது வழி ஒண்ணு இருக்கு, நான் அதத்தான் பண்றேன். ஓவியர் விஸ்லர் தேம்ஸ் ஆத்தோட ராத்திரிய வரையுறதுக்கு படகுல போய் நல்லா பாத்து மனசுல ஏத்திகிட்டு, வீட்டுக்கு வந்து வரைவாரு, ஆயில கூட சாஸ் மாதிரி தண்ணியா கரைச்சு ஊத்துவாரு. ஆங்கிலேய ஓவியர் டர்னரும் 1819, 1833, 1840னு மூணு தடவை வெனிஸ் போயிருக்காரு, எல்லாம் சேத்து நாலு வாரம் கூட வராது, ஆனா அதுல நிரப்பின பென்சில் ஸ்கெட்ச் அவ்வளவு. அதனால நான் குளத்தங்கரைல உள்ளங்கை அளவு நோட்டுல பென்சில்ல மூணே டோன்ல, இருட்டு, நடு, வெளிச்சம்னு அஞ்சு நிமிஷ ஸ்கெட்ச் ரெண்டு போட்டு, பக்கத்துல 'வானம் தண்ணிய விட வெளிச்சம்', 'கோபுரத்து இடது ஓரம் இல்லவே இல்ல'ன்னு வார்த்தையா எழுதிட்டு, வீட்டுக்கு வந்து அன்னிக்கே பெயின்ட் பண்றேன். மறந்து போனது எல்லாம் படத்துல வேண்டாததுதான், பெரும்பாலும்.

கிளாஸ் போறதா வேண்டாமாங்கறது உங்களுக்கு கிடைக்குற வாத்தியார பொறுத்தது. நான் போன ஒரு வீக்கெண்ட் கிளாஸ்ல மூணு மாசம் பென்சில் அவுட்லைன் போட்டு உள்ள ஃபில் பண்ணத்தான் சொன்னாங்க, அதுல இருந்து கைய மீட்க எனக்கு ஒரு வருஷமாச்சு. சேர்றதுக்கு முன்னாடி அவங்க வாஷ் போடுறத ஒரு தடவை நேர்ல பாருங்க, போர்ட சாய்ச்சு வைக்கிறாங்களா, காத்திருக்குறாங்களான்னு பாருங்க. அப்படி ஒருத்தர் கிடைச்சா வீடியோ எல்லாம் தேவையே இல்ல, ஏன்னா பேப்பர் எவ்வளவு ஈரம்னு கேமரால தெரியாது. கிடைக்கலன்னா தனியாவே பழகலாம், ஆனா ஒரே குளம், ஒரே இடம், குறைஞ்சது இருபது தடவை. மார்கழில வாஷ் காய கால் மணி நேரமாகும், பங்குனில மூணு நிமிஷம் கூட நிக்காது, அந்த வித்தியாசத்த கை தெரிஞ்சுக்கணும்.

இவ்வளவு வாட்டர்கலர சொல்லிட்டு, அது தோக்குற ஒரு நேரத்தையும் சொல்லணும், தைப்பூசத் தெப்பம். கபாலீஸ்வரர் குளத்துல மூணு ராத்திரி தெப்பம் சுத்தும், மதுரைலயும் அதே தைலதான். கறுத்த தண்ணில சீரியல் லைட்டோட தெப்பம் மிதந்து வரும்போது வெளிச்சம் கீழ நோக்கி நீளமா நடுங்கும். வாட்டர்கலர்ல வெள்ளைங்கறது பேப்பர்தான், இருட்ட சுத்திப் போட்டு அவ்வளவு சின்ன வெளிச்சத்த மிச்சம் வைக்குறது ஆகாத வேலை. அன்னிக்கு மட்டும் கருநீலமோ கறுப்போ, ஒரு கலர் பேப்பர எடுத்துகிட்டு, குவாஷ் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு மூணு ட்யூபோட போறேன். இருட்ட பேப்பரே குடுத்துடும், கோபுரத்த வரையவே வேண்டாம், தெப்பத்து விளக்குக்கு ஆறு புள்ளி, அதுக்கு நேர் கீழ ஆறு இழுப்பு, ஓரத்துல படில உக்காந்திருக்குறவங்க தலை மேல ஒரு கீத்து மஞ்சள். போன தைல அப்படி இருபது நிமிஷத்துல போட்ட ஒண்ணுதான் இப்ப எங்க வீட்டு ஹால்ல மாட்டிருக்கு.